பெண்ணுக்கு வாக்களிக்கத் தயங்குவது யார்?

ஊவாவின் தோட்டத்துச் சனம் பெண்ணை ஏற்காது என்று கட்சிகள் காலங்காலமாகச் சொல்லி வந்தன. 2024 நவம்பரில் ஊவாவின் பதுளை மாவட்டம் சொன்ன பதில் வேறு.

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் பதுளை மாவட்டத்தின் 9 ஆசனங்களில் 6 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அந்தக் கட்சியின் விருப்பு வாக்குப் பட்டியலில் முதலாவது பெயர் சமந்த வித்யாரத்ன. அவருக்கு விழுந்தவை இரண்டு இலட்சத்துக்கும் மேல். இரண்டாவது கிட்ணன் செல்வராஜ், 60 ஆயிரத்துக்குச் சற்று மேல். மூன்றாவது அம்பிகா சாமுவேல், 58 ஆயிரத்துக்குச் சற்று மேல். செல்வராஜும் அம்பிகாவும் மலையகத் தமிழர்கள். ஒரே கட்சி, ஒரே மாவட்டம், ஒரே சின்னம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த இடைவெளி இரண்டாயிரம் வாக்குகளுக்கும் குறைவு.

அதே நாளில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் வென்றார். 1947இல் முதல் பாராளுமன்றம் தெரிவானதிலிருந்து 77 ஆண்டுகளாக மலையகப் பெண் ஒருவர் தேர்தலில் வென்று அந்தச் சபைக்குப் போனதில்லை. ஒரே இரவில் இரண்டு பேர் போனார்கள்.

இந்த முடிவு ஒரு பழைய சமாதானத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது. வேட்புமனு நிரப்பும் காலத்தில் மலையகக் கட்சி அலுவலகங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு அது: "எங்க சனம் பொம்பளைக்குப் போடாது." பெண்ணை நிறுத்தாததற்கு இதுவே காரணம், பெண் வெல்லாததற்கும் இதுவே ஆதாரம். நிறுத்தாத ஆளுக்குச் சனம் எப்படிப் போடும் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பதுளையின் தேர்தல் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், குற்றத்தைச் சனத்தின் தலையில் கட்டியவர்களின் கணக்கு பல இடங்களில் உதைக்கிறது.

ஒன்பதுக்கு ஒன்பது

மஹியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று மாவட்டத்தில் 9 தேர்தல் தொகுதிகள். 1994 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். நாடெங்கும் இருந்த 160 தொகுதிகளில் 159இல் சந்திரிகா குமாரதுங்க முன்னிலை பெற்றார். அவருக்குக் கைநழுவிய ஒரேயொரு தொகுதி பதுளை மாவட்டத்தின் மஹியங்கனை. அங்கே அவரை முந்தியவர் ஶ்ரீமா திசாநாயக்க. ஆகவே அன்று இந்த மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளும், சிங்கள விவசாயக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் சேர்ந்தே, ஒரு பெண்ணைத்தான் முதலிடத்தில் வைத்தன.

ஆனால் எப்படிப்பட்ட பெண்ணை? சந்திரிகா இரண்டு பிரதமர்களின் மகள். 1988இல் சுட்டுக் கொல்லப்பட்ட விஜய குமாரதுங்கவின் மனைவி. ஶ்ரீமா, வாக்களிப்புக்கு இரண்டு வாரம் முன்பு குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட காமினி திசாநாயக்கவின் மனைவி. கணவரின் இடத்தில் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டவர். இவர்களுக்கு முன்னே, 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பத்து மாதங்களுக்கு முன்பு கணவரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர். எதிரணி அவரை 'அழும் விதவை' என்று கேலி செய்தது. வாக்காளர் அந்தக் கண்ணீரை மதித்து வெற்றி கொடுத்தார்கள். ஊவாவிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1950களில் கே.எம்.பி. ராஜரத்ன ஆசனத்தை இழந்த பிறகு, அவருடைய மனைவி குசுமா ராஜரத்ன வெலிமடை, ஊவா பரணகமப் பக்கத்தின் குரலாகப் பாராளுமன்றம் போனார்.

ஆண் விட்டுச்சென்ற நாற்காலியில் வந்து உட்காரும் பெண்ணை இந்த நாடு தயக்கமின்றி ஏற்றிருக்கிறது. தானாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வருகிறவளைத்தான் 'நீ யார் வீட்டுப் பெண்?' என்று விசாரிக்கிறது. வெள்ளைச் சேலைக்கு விழும் வாக்கிலும் ஆண்மையப் பார்வை இருக்கிறது. அது பெண்ணுக்குச் சாதகமாக விழுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மலையகத்தில் அந்த வாரிசு உரிமைகூடப் பெண்ணுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மலையக மக்கள் முன்னணியின் நிறுவனர் பெ. சந்திரசேகரன் 2010 ஜனவரி 1ஆம் திகதி காலமானார். மனைவி சாந்தினி தேவி கட்சித் தலைமையை ஏற்றார். பாராளுமன்றக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. மகள் அனுஷா 2020இல் நுவரெலியாவில் சுயேச்சையாக நின்று தோற்றார். அதே மாவட்டத்தில், அதே தேர்தலில், மே மாதம் தந்தை ஆறுமுகன் தொண்டமானை இழந்த ஜீவன் தொண்டமான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் பலத்தோடு நின்று 1,09,155 விருப்பு வாக்குகள் பெற்றார். இருவரும் சட்டம் படித்தவர்கள், இருவரும் தலைவர்களின் பிள்ளைகள். மகனுக்குப் பின்னால் ஒரு கட்சி முழுதாக நின்றது. மகள் தனியாக நின்றார். இந்த வித்தியாசத்தை வாக்காளரின் மனம் மட்டும் உண்டாக்கியதாகச் சொல்ல முடியாது.

அப்பன் வழிக் குடியுரிமை

தோட்டத்துப் பெண்ணின் வாக்கைப் பற்றிப் பேசும்போது, அது பறிக்கப்பட்ட விதத்தை விட்டுவிட முடியாது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. இந்திய வம்சாவளியினருக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தபோதும், 1947 தேர்தலில் பதுளை உட்பட 7 தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வெல்லும் அளவுக்கு அந்த வாக்குகள் பெருகியிருந்தன. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்கள் போயின.

அந்தச் சட்டத்தின் இனவாதத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதன் ஆணாதிக்கத்தைப் பற்றி எழுதியது குறைவு. இலங்கையில் பிறந்தது போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். தாய் எந்த லயத்தில் பிறந்தாள், தாயின் தாய் எந்த மலையில் கொழுந்தெடுத்தாள் என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கலாம் என்று இந்நாட்டுச் சட்டம் மாறியது 2003இல்தான். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இடையில் 1964 ஒக்டோபரில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒரு பெண் பிரதமர். மேலே ஒரு பெண் இருப்பதனாலேயே கீழே இருக்கும் பெண்ணுக்கு நீதி கிடைத்துவிடாது என்பதை இந்த மலைகளைவிட நன்றாக அறிந்த இடம் வேறில்லை.

இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களுக்கு அரசு தந்த அடையாளமே தகப்பன், கணவன் பெயரால் வந்தது என்றால், வாக்கும் 'வீட்டுக்காரர் சொல்கிற பக்கம்' போனதில் என்ன ஆச்சரியம்?

சந்தா அவளுடையது, மேடை அவனுடையது

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, பூனாகலை, தம்பேத்தன்னை என்று ஊவாவின் எந்த மலைக்குப் போனாலும் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்கங்களின் சந்தா அவர்கள் சம்பளத்திலிருந்துதான் மாதாமாதம் கழிகிறது. 1984 வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளமே சமமாக இருக்கவில்லை. மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கிவருவதும் பல தோட்டங்களில் நெடுநாள் வழக்கம்.

சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு இருபுறமும் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆயிரம் ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021இல் அது வந்தது; 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது; 2026 முதல் ஊக்குவிப்பும் சேர்ந்து 1,750 என்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் மலையக மேடைகளில் முதல் வாக்குறுதி இந்தத் தொகைதான். ஆனால் இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று அந்தத் தொகையை மலையில் வெட்டுகிற விதி பெண்ணின் பிரச்சினை. மலசலகூடம் இல்லாத மலை, அட்டைக் கடி, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விடும் நேரம் ஆகியவையும் பெண்ணின் பிரச்சினைகளே. இவை மேடையில் ஏறுவது அபூர்வம்.

நேரமும் ஒரு தேர்தல் விஷயம்தான். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து, வீடு திரும்பி மறுபடி அடுப்பு. சங்கக் கூட்டம் நடப்பது அந்த மாலை வேளையில். தோட்டத் தலைவர் ஆண், செயலாளர் ஆண், 'மாதர் சங்கத் தலைவி' என்று ஒரு பதவி உண்டு, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் ஆரத்தி எடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பதவியின் வேலை. இந்த அமைப்பிலும் சிலர் மேலே வந்திருக்கிறார்கள். மத்திய மாகாண அமைச்சராக இருந்த அனுஷியா சிவராஜா இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். செங்கொடிச் சங்கத்துக்கு மேனகா கந்தசாமி தலைமை தாங்கியிருக்கிறார். அதற்கும் முன்னே, 1930களில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி அரசியல் பேசினார். அவருக்குப் பின்னே இவ்வளவு நீண்ட வெற்றிடம் இருந்ததற்குத் தோட்டத்துப் பெண்களின் கூச்சம் காரணமில்லை.

வசையும் வாஞ்சையும்

பெண் வெறுப்பு வாக்கை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றி உலகில் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்காவின் 2016 தேர்தல். ஹிலாரி கிளிண்டனுக்கு எதிராக டொனால்ட் டிரம்ப் நின்ற அந்தத் தேர்தலில், பெண்களைப் பற்றிய பகை எண்ணம் ஒருவரிடம் கூடக்கூட டிரம்புக்கு வாக்களிக்கும் வாய்ப்பும் கூடியதை ஆய்வுகள் காட்டின. பெண்களிடமும் அந்த எண்ணம் இருந்தது. இத்தகைய ஆய்வுகள் பயன்படுத்தும் அளவுகோல் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 1996இல் வகுத்தது. பெண்ணைத் தாழ்த்தும் மனம் இரண்டு முகம் கொண்டது என்றார்கள் அவர்கள். ஒன்று பகையானது: 'இவளுக்கு என்ன தெரியும், அதிகாரம் கிடைத்தால் தலையில் ஏறுவாள்.' மற்றது பரிவானது: 'இவள் மென்மையானவள், புனிதமானவள், காக்கப்பட வேண்டியவள்.' இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

ஊவாவின் தோட்டங்களில் முதல் முகத்தைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். வாக்குக் கேட்டு வெளியே இறங்கும் பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கதை கட்டுவது மிக மலிவான பிரசாரம். யாருடைய வாகனத்தில் வந்தாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், கணவன் எப்படி விட்டான் என்று தொடங்கி, இன்று கைத்தொலைபேசியில் ஒட்டு வேலை செய்த படங்கள் வரை அது வளர்ந்திருக்கிறது. ஆண் வேட்பாளரின் குடும்பம் அவருடைய சொந்த விஷயம். பெண் வேட்பாளரின் குடும்பம் ஊர்ச் சொத்து.

ஆனால் அதிகம் வேலை செய்வது இரண்டாவது முகம். 'தாய்மாரே' என்று தொடங்காத மேடைப்பேச்சு மலையகத்தில் இல்லை. தாய்மாரின் வியர்வையைப் பாடுவார்கள், தாய்மாருக்குச் சேலை கொடுப்பார்கள், தாய்மாரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். பெண்ணை வேட்பாளராக்கச் சொன்னால் மட்டும் 'இந்தச் சாக்கடையில் அவர்களை ஏன் இறக்க வேண்டும்?' என்று கரிசனம் பொங்கும். வசையை எதிர்த்துச் சண்டை போடலாம். வாஞ்சையோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்தது.

இதோடு பணம் சேர்கிறது. 1989இலிருந்து நடைமுறையில் இருக்கும் விருப்பு வாக்கு முறையில் வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, விரும்பினால் மூன்று வேட்பாளர்களின் இலக்கங்களையும் குறிக்கலாம். எதிர்க்கட்சியோடு ஒரு போட்டி, சொந்தக் கட்சிக்காரரோடே இன்னொரு போட்டி. மாவட்டம் முழுவதும், மஹியங்கனைச் சமவெளியிலிருந்து ஹப்புத்தளை உச்சி வரை, இலக்கத்தைக் கொண்டுபோக வாகனம் வேண்டும், சுவரொட்டி வேண்டும், இரவில் லயங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். போத்தல் இறங்கும் இரவுகளும் அவற்றில் உண்டு. அந்த இரவுப் பொருளாதாரத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அவளால் அதை நடத்தவும் முடியாது, நடத்தினால் ஊர் விடவும் விடாது.

சாவடிக்குள் ஒருத்தி

அப்படியென்றால் 2024இல் என்னதான் நடந்தது? பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வந்த அலை நாடெங்கும் அடித்தது. தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்கள் பெற்றது. அலையில் யார் நின்றாலும் வென்றிருப்பார்கள் என்று சொல்வோர் உண்டு. கட்சிக்கு விழுந்த வாக்கைப் பொறுத்தவரை அது உண்மைதான். விருப்பு வாக்கு அப்படியல்ல. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு வாக்காளர் தனியாக ஓர் இலக்கத்தைத் தேடிக் குறிக்க வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பிகாவின் இலக்கத்தைத் தேடிக் குறித்தார்கள். மலையகத் தமிழர் சுமார் ஐந்தில் ஒருவராக இருக்கும் மாவட்டத்தில் இது சிறிய தொகையல்ல. பழைய தொழிற்சங்கத் தலைமைகளின் வேட்பாளர் எவரும் அன்று பதுளையில் வெல்லவில்லை.

பிற இடங்களும் அதையே சொல்கின்றன. சிங்களவர் பெரும்பான்மையான மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண் 1,48,379 விருப்பு வாக்குகளோடு வென்று மகளிர், சிறுவர் விவகார அமைச்சரானார். கொழும்பில் ஹரிணி அமரசூரிய பெற்ற 6,55,289 இலங்கையின் தேர்தல் வரலாற்றிலேயே ஒரு பெண் பெற்ற மிக உயர்ந்த விருப்பு வாக்கு எண்ணிக்கை. அவர் எந்தத் தலைவரின் மனைவியும் அல்லர், மகளும் அல்லர். தேசிய மக்கள் சக்தியில் ஆதரவும் பணமும் கட்சியின் பொதுப் பையிலிருந்து வந்தன. வேட்பாளர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் விருப்பு வாக்குச் சண்டை அங்கே அடங்கியிருந்தது. பெண்ணைத் தோற்கடிக்கும் இயந்திரத்தின் இரண்டு பற்சக்கரங்கள் கழன்றிருந்தன, அவ்வளவுதான். வாக்காளரின் மனம் அதே மனம்.

வாக்குச் சாவடி ஒரு விசித்திரமான இடம். தோட்டப் பாடசாலையின் மூலையில், அட்டை மறைப்புக்குப் பின்னே, அந்த ஓரிரு நிமிடம் தோட்டத்துப் பெண்ணோடு கணவனும் இல்லை, தலைவரும் இல்லை, கங்காணியும் இல்லை. லயத்தில் தலையாட்டிவிட்டு வந்து அங்கே தன் விருப்பத்துக்குப் போட அவளால் முடியும். அந்த மறைப்புக்குள் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குப் போன பெண்களுக்கு வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வசதியை இந்த நாடு இன்னும் தரவில்லை. அந்நியச் செலாவணிக்கு அவர்கள் வேண்டும். வாக்குக் கணக்கில் அவர்கள் இல்லை.

வெற்றியை மிகைப்படுத்தவும் வேண்டாம். அதே 2024இன் செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. ஒன்றுகூடப் பெண்ணின் பெயரில்லை. வாக்காளரில் பாதிக்கு மேல் பெண்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பது தொகுதியிலும் பெண்ணை முன்னிறுத்திய பதுளை மாவட்டத்துக்கு, இம்முறை பெண்ணுக்குப் போட வழியே இருக்கவில்லை. புதிய பாராளுமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பது சாதனைதான். சபையில் அது பத்தில் ஒரு பங்கு.

பட்டியலை எழுதும் கை

உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத ஒதுக்கீடு வந்த கதை இதற்கு நல்ல சான்று. 2016, 2017 திருத்தங்களுக்கு முன்பு அந்தச் சபைகளில் பெண்கள் 2 சதவீதமளவில் இருந்தார்கள். 2018 பெப்ரவரித் தேர்தலோடு அது இருபதைத் தாண்டியது. சனத்தின் மனம் ஒரே ஆண்டில் பத்து மடங்கு மாறிவிட்டதா? மாறியது பட்டியல். ஆனால் கட்சிகள் பெண்களை அதிகம் போட்டது வட்டாரத்தில் அல்ல, மேலதிகப் பட்டியலில். வட்டாரத்தில் வென்ற ஆணுக்குச் சொந்தமாக ஓர் ஊர் இருந்தது. பட்டியலில் வந்த பெண் கட்சிக்குக் கடன்பட்டவளாகக் கருதப்பட்டாள். 2025 மே தேர்தலும் அதே சட்டத்தின் கீழ்தான் நடந்தது.

அடுத்து வரவேண்டியது மாகாண சபைத் தேர்தல். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20. சபையின் காலம் 2019இல் முடிந்தது. பெண் வேட்பாளர்களை அதிகரிப்பதற்கென்று 2017இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தோடு தேர்தல் முறையையே மாற்றும் ஏற்பாடுகளும் சேர்க்கப்பட்டன. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. தேர்தலும் அத்தோடு நின்றது. பெண்ணின் பெயரைச் சொல்லித் தொடங்கிய சட்டம் ஆண், பெண் இருவரின் வாக்கையும் சேர்த்து முடக்கிய வேடிக்கை அது.

அந்தத் தேர்தல் வரும்போது ஊவாவின் தோட்டங்களில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. பதுளை, மொனராகலை இரு மாவட்டப் பட்டியலிலும் எத்தனை பெண்கள்? அவர்களில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களின் பிரசாரச் செலவைக் கட்சி ஏற்கிறதா, வீட்டு நகையை அடகு வைக்கச் சொல்கிறதா? அவர்களைப் பற்றி அவதூறு பரப்பும் சொந்தக் கட்சிக்காரனுக்கு என்ன நடவடிக்கை? சங்கக் கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றுவீர்களா? வீட்டுக்கும் காணிக்கும் தரப்போகிற உறுதியில் மனைவியின் பெயரும் இருக்குமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத கட்சி, 'சனம் பொம்பளைக்குப் போடாது' என்ற பழைய பல்லவியை இனிப் பாட முடியாது. பதுளையின் சனம் 1994இல் போட்டது, 2024இல் போட்டது. தயக்கம் இருப்பது வேட்புமனுத் தாளை நிரப்பும் அறையில். திருத்தமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.